எல்.டி.எல். ஏற்பி: கண்டறிதலின் வரலாறு

எல்.டி.எல். ஏற்பி என்பது உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்துள்ள ஒரு புரதம். இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் தாழ் அடர்த்திக் கொழுப்புப் புரதத் துகளை (சுருக்கமாக எல்.டி.எல்.) பற்றி உயிரணுவுக்குள் கொண்டு சேர்ப்பது இதன் பணியாகும். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மருத்துவர்களான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1973, 1974 ஆண்டுகளில் இதனைக் கண்டறிந்தனர். இதற்காக 1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆய்வைத் தொடங்கியபோது அவர்கள் ஏற்பி எதனையும் தேடவில்லை. பழுதான ஒரு நொதியைத் தேடினர். அந்த நொதி பழுதின்றி இருந்ததே கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது.

முன்வரலாறு

கொலஸ்டிரால் முதலில் பித்தப்பைக் கற்களில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1815இல் இதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் பித்தத்தையும் திண்மத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது. நூறாண்டு கழித்துத்தான் இப்பொருளை மருத்துவர்கள் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கினர். தடித்துக் கெட்டியான தமனிச் சுவர்களில் இயல்பான சுவரில் இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேற்பட்ட கொலஸ்டிரால் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் விண்டாஸ் 1910இல் அளந்து காட்டினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கோவ் 1913இல் முயல்களுக்குக் கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து ஊட்டினார். சில வாரங்களில் முயல்களின் தமனிகளில் மனிதர்களுக்கு வருவது போன்ற படிவுகள் தோன்றின. ஆனால் எலிகளிலும் நாய்களிலும் அதே சோதனை எளிதில் பலிக்கவில்லை. புல் தின்னும் முயலுக்குப் பொருந்தாத உணவைக் கொடுத்தால் நோய் வராமல் என்ன செய்யும் என்று கேட்டு, அனிச்கோவின் முடிவைப் பலர் ஒதுக்கினர்.

கொழுமியங்கள் நீரில் கரையாதவை. நீரே பெரும்பகுதியாக உள்ள இரத்தத்தில் அவை தனியே பயணிக்க முடியாது. புரதத்தால் பிணைக்கப்பட்ட சிறு உருண்டைகளாகவே அவை செல்கின்றன. போர்க்காலத்தில் புளூட்டோனியம் பிரித்தெடுக்கும் பணியில் இருந்த ஜான் கோஃப்மன், போருக்குப் பின் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அதிவேக மையவிலக்கியைக் கொண்டு இந்த உருண்டைகளை அடர்த்திவாரியாகப் பிரித்தார். அவற்றில் எல்.டி.எல். வகை மிகுந்திருப்போருக்கு மாரடைப்பும் மிகுதி என்பதை அவருடைய குழு 1950களில் எடுத்துக்காட்டியது. எல்.டி.எல்.லைக் 'கெட்ட கொழுப்பு' என்று சொல்லும் இன்றைய வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது அவ்வளவு பொருத்தமான பெயர் அன்று. நல்லதெனப்படும் எச்.டி.எல். துகளில் இருப்பதும் இதே கொலஸ்டிரால்தான். வேறுபடுவது சுமக்கும் வண்டியும் அது போய்ச் சேரும் இடமுமே.

ஓர் எல்.டி.எல். துகளின் நடுவில் ஏறக்குறைய 1500 கொலஸ்டிரால் எஸ்டர் மூலக்கூறுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பாஸ்போ கொழுமியங்களும் கட்டற்ற கொலஸ்டிராலும் ஒரு மென்படலமாக அமைந்துள்ளன. படலத்தில் பதிந்து முழுத்துகளையும் வளைத்து நிற்பது அபோ-பி100 என்னும் ஒரே ஒரு மிகப்பெரிய புரத மூலக்கூறு. துகளின் முகவரிச் சீட்டு இதுவே என்பது பின்னர் தெரியவந்தது.

நோயுற்ற குழந்தைகள்

நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1938இல் 17 குடும்பங்களை ஆராய்ந்து, மிகைக்கொலஸ்டிரால், தசைநாண்களில் மஞ்சள் கட்டிகள், நெஞ்சுவலி ஆகிய மூன்றும் சேர்ந்து பரம்பரையாக வருவதை விவரித்தார். பெய்ரூத்தில் பணியாற்றிய அவேதிஸ் கச்சதூரியன் 1960களில், உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் பரவலாக இருந்த லெபனான் குடும்பங்களைப் பார்த்து, இந்நோயில் இரு தரங்கள் உண்டு என்பதைத் தெளிவாக்கினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு இரத்தக் கொலஸ்டிரால் இயல்பைப்போல இருமடங்கு இருக்கும். மாரடைப்பு 30 வயதுக்குப் பின் வரக்கூடும். இருவரிடமிருந்தும் பெற்றவரின் நிலை வேறு. 100 மில்லிலிட்டருக்கு 650 முதல் 1000 மில்லிகிராம் வரை கொலஸ்டிராலுடன் பிறக்கும் இக்குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால், விரலிடுக்குகளில் மஞ்சள் திட்டுகள் சிறுவயதிலேயே தோன்றும். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. சிகிச்சை இல்லாத அக்காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் 30 வயதைத் தாண்டவில்லை.

பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று இது அன்று கருதப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளில் அபூர்வக் காட்சியாக மட்டுமே இது இடம்பெற்றது. ஆனால் புகைபிடித்தல், உடல் பருமன், மன அழுத்தம் போன்ற வேறெந்தக் காரணத்தையும் சுட்ட முடியாத ஓர் எட்டு வயதுக் குழந்தைக்கு மாரடைப்பு வருமானால், கொலஸ்டிரால் தமனியை அடைக்குமா என்ற அரைநூற்றாண்டு வழக்குக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1968இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த கோல்ட்ஸ்டைன், டொனால்ட் பிரெட்ரிக்சனின் நோயாளிப் பிரிவில் இத்தகைய குழந்தைகளை நேரில் கண்டார். பாஸ்டனில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1966 முதல் அவருடன் பயிற்சி மருத்துவராக இருந்த பிரவுனும் அதே நிறுவனத்தில், ஏர்ல் ஸ்டாட்மனின் ஆய்வகத்தில், நொதிகளைப் பற்றிப் பயின்றுகொண்டிருந்தார். இந்நோயைச் சேர்ந்து ஆராய்வது என்ற முடிவு அங்கே உருவானது.

தவறான ஊகம்

பிரவுன் 1971இல் டல்லஸில் உள்ள தென்மேற்கு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். சியாட்டில் நகரில் ஆர்னோ மொட்டுல்ஸ்கியிடம் மருத்துவ மரபியல் பயின்ற கோல்ட்ஸ்டைன் 1972இல் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் கொண்டிருந்த ஊகம் எளிமையானது. உடல் தானே கொலஸ்டிராலைத் தயாரிக்கிறது. உணவில் கொலஸ்டிரால் வந்தால் கல்லீரல் தயாரிப்பைக் குறைக்கிறது என்பது ருடால்ஃப் ஷோன்ஹைமரின் 1933ஆம் ஆண்டு எலிச் சோதனைகளில் இருந்தே தெரியும். தயாரிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி என்பதை மார்வின் சிப்பர்ஸ்டைன் முதலானோர் 1960களில் காட்டியிருந்தனர். எனவே இந்த நோயாளிகளில் அந்த நொதிதான் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இருவரும் எண்ணினர்.

சோதிக்கக் கல்லீரல் வேண்டும். உயிருள்ள குழந்தையின் கல்லீரலை ஆய்வுக்கு எடுக்க முடியாது. எனவே தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தனர். கொலஸ்டிராலைப் பற்றிய கேள்விக்குத் தோலில் விடை தேடுவது அன்று பலருக்கும் பொருத்தமற்றதாகத் தோன்றியது. ஆனால் நோய் மரபணுவில் இருந்தால் அது எல்லா உயிரணுக்களிலும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

உயிரணுக்களைச் சீரம் கலந்த ஊடகத்தில் வளர்ப்பது வழக்கம். இயல்பான உயிரணுக்களில் நொதியின் செயல்பாடு மிகக் குறைவாகவே இருந்தது. சீரத்திலிருந்து கொழுப்புப் புரதங்களை நீக்கிவிட்டு வளர்த்தபோது ஒரே நாளில் செயல்பாடு பலமடங்கு ஏறியது. எல்.டி.எல்.லைத் திரும்பச் சேர்த்ததும் இறங்கியது. எச்.டி.எல். சேர்த்தால் இறங்கவில்லை. அதாவது, வெளியே எல்.டி.எல். இருக்கிறதா என்பதைத் தோல் உயிரணு ஏதோ ஒரு வகையில் அறிகிறது. பின்னர் நோயாளிகளின் உயிரணுக்களில் இதையே செய்தனர். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று நோயாளிகள், ஒப்பீட்டுக்கு நோயற்ற ஏழு பேர். நோயாளிகளின் உயிரணுக்களில் நொதியின் செயல்பாடு 40 முதல் 60 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. எல்.டி.எல். சேர்த்தாலும் சிறிதும் குறையவில்லை. இந்த முடிவு 1973இல் வெளியானது.

ஊகம் உறுதிப்பட்டதுபோலவே இது தோன்றியது. நொதி கட்டுக்கு அடங்காமல்தானே இருக்கிறது? அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தவறான விளக்கம் ஒன்று பாடநூலில் ஏறியிருக்கும். அவர்கள் இன்னொரு சோதனை செய்தனர். கொலஸ்டிராலைத் துகளாக அல்லாமல், சாராயத்தில் கரைத்து நேரடியாக ஊடகத்தில் விட்டனர். அப்படி விட்ட கொலஸ்டிரால் யாருடைய உதவியும் இன்றி உயிரணுச் சவ்வின் வழியே கசிந்து உள்ளே போகும். நோயாளிகளின் உயிரணுக்களிலும் நொதி உடனே அடங்கியது. ஆக, நொதியில் குறை இல்லை, அதை அடக்கும் ஏற்பாட்டிலும் குறை இல்லை. எல்.டி.எல். துகளில் இருக்கும் கொலஸ்டிரால் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். உயிரணு பட்டினியில் இருப்பதாக எண்ணிக்கொண்டு தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது. வெளியே இரத்தத்திலோ சரக்கு தேங்கிக் கிடக்கிறது.

அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. இயல்பான உயிரணுவில் துகள் எப்படி உள்ளே வருகிறது? எல்.டி.எல்.லில் கதிரியக்க அயோடினைப் பிணைத்து உயிரணுக்களுடன் சேர்த்தனர். இயல்பான உயிரணுக்களில் அது இறுகப் பற்றிக்கொண்டது. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் பிணைப்பு கூடவில்லை. இருக்கைகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருபவருக்கு இடம் இல்லை என்பதுபோல, எண்ணிக்கையில் அடங்கிய பிணைப்பிடங்கள் இருப்பதற்கான அடையாளம் அது. புரதத்தைச் சிதைக்கும் நொதியால் உயிரணுவின் மேற்பரப்பைக் கழுவினால் பிணைப்பு இல்லாமல் போனது. எனவே அந்த இடம் ஒரு புரதம். இரு பெற்றோரிடமிருந்தும் நோயைப் பெற்றவர்களின் உயிரணுக்களில் இந்தப் பிணைப்பே காணப்படவில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதி இருந்தது. 1974இல் வெளியான இந்த முடிவுகளுடன், பரம்பரை மிகைக்கொலஸ்டிரால் நோய் ஓர் ஏற்பியின் குறைபாடு என்பது நிலைநாட்டப்பட்டது.

குழிகளும் பயணமும்

ஏற்பிகள் என்றால் ஹார்மோன் போன்ற செய்தியை வாங்கி உள்ளே சொல்லும் அமைப்புகள் என்பதே அன்றைய புரிதல். இந்த ஏற்பி செய்தியை மட்டும் சொல்லவில்லை. சரக்கையே தூக்கிக்கொண்டு உள்ளே சென்றது. குளிர்ந்த நிலையில், 4 பாகை வெப்பத்தில், எல்.டி.எல். மேற்பரப்பிலேயே ஒட்டி நின்றது. 37 பாகைக்குச் சூடாக்கினால் சில நிமிடங்களில் உள்ளே மறைந்தது. பின்னர் அதன் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து வெளிவந்தது. செரிமானம் லைசோசோம் என்னும் அமிலப் பைகளில் நடந்தது.

துகள் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி வல்லுநர் ரிச்சர்ட் ஆண்டர்சன் கண்டார். இரும்பு செறிந்த ஃபெரிட்டினை எல்.டி.எல்.லுடன் இணைத்தால் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும். அப்புள்ளிகள் மேற்பரப்பெங்கும் சிதறியிருக்கவில்லை. அடியில் மயிர்போன்ற பூச்சுடைய சிறு குழிகளில் குவிந்திருந்தன. இத்தகைய குழிகளை 1964இல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் ஆகியோர் கொசுவின் முட்டை உயிரணுவில் பார்த்திருந்தனர். முட்டை மஞ்சட்கருப் புரதத்தை உள்ளிழுப்பது அவ்வழியே என்று அவர்கள் கருதினர். பூச்சின் முதன்மைப் புரதத்தைக் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் 1970களின் நடுவில் தூய்மையாகப் பிரித்துக் கிளாத்ரின் என்று பெயரிட்டிருந்தார். இவ்வாறு கொசுவிலும் பன்றி மூளையிலும் தொடங்கிய ஆய்வுகள் மனிதனின் இதய நோயுடன் வந்து சேர்ந்தன.

வழியை உறுதிசெய்தது ஒரு விந்தையான நோயாளியின் உயிரணு. அதில் எல்.டி.எல். ஏற்பியில் ஒழுங்காக ஒட்டியது. ஆனால் உள்ளே போகவில்லை. ஆண்டர்சன் பார்த்தபோது, பூச்சுக் குழிகள் இயல்பாகவே இருந்தன. ஏற்பிகள் மட்டும் அவற்றில் குவியாமல் வெளியே சிதறிக் கிடந்தன. பல ஆண்டுகளுக்குப் பின், 1986இல், அந்த ஏற்பியின் உட்புற வாலில் ஒரே ஓர் அமினோ அமிலம், 807ஆம் இடத்து டைரோசின், சிஸ்டீனாக மாறியிருந்தது தெரிந்தது. மற்றெல்லாம் சரியாக இருந்தும் அந்த ஓர் எழுத்துப்பிழையால் கதவு திறக்கவில்லை.

உள்ளே சென்ற ஏற்பி சரக்குடன் அழிவதில்லை. குழி உள்மடிந்து பையாகி, பையின் உட்புறம் அமிலத்தன்மை அடையும்போது ஏற்பி துகளைக் கைவிட்டு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம். இருபது மணிநேர வாழ்நாளில் ஓர் ஏற்பி நூற்றுக்கணக்கான முறை சென்று வருகிறது. அமிலத்தில் அது எப்படிக் கைவிடுகிறது என்பதை 2002இல் டல்லஸிலேயே யோகான் டைசன்ஹோஃபரின் குழு படிக அமைப்பின் மூலம் காட்டியது. ஏற்பியின் ஒரு பகுதி மடங்கிவந்து, துகளைப் பற்றும் பகுதியில் தானே ஒட்டிக்கொண்டு அதைத் தள்ளிவிடுகிறது.

ஏற்பி எதைப் பற்றுகிறது

ஏற்பி கொழுமியத்தை நேராகப் பற்றுவதில்லை. துகளின் மேலுள்ள புரதத்தைப் பற்றுகிறது. ஆயினும் கொழுமியம் இல்லாமல் அப்புரதத்தை அதனால் அடையாளம் காண இயலாது. இந்த நுட்பம் ராபர்ட் மாலியும் அவருடைய துணைவர்களான தாமஸ் இன்னராரிட்டி, கார்ல் வைஸ்கிராபர் ஆகியோரும் 1970களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. அபோ-இ என்னும் சிறிய புரதமும் இதே ஏற்பியில் ஒட்டுகிறது. ஆனால் தூய்மையாகப் பிரித்த அபோ-இ தனித்திருக்கும்போது ஒட்டவில்லை. பாஸ்போ கொழுமியத்துடன் சேர்த்தபின் மிக இறுக்கமாக ஒட்டியது. கொழுமியத்தின் மேல் படியும்போதுதான் அப்புரதம் உரிய வடிவத்தில் விரிகிறது. லைசின், ஆர்ஜினின் ஆகிய நேர்மின் அமினோ அமிலங்களை வேதிமுறையில் மறைத்தால் பிணைப்பு அறவே நின்றது. ஏற்பியின் பக்கம் எதிர்மின் அமினோ அமிலங்களும் அவற்றை நிலைநிறுத்தும் கால்சிய அயனிகளும் இருப்பது பின்னர் தெரிந்தது.

ஒரு முரண்பாடு மட்டும் நீண்ட நாள் உறுத்தியது. ஏற்பியே இல்லாத நோயாளிகளின் தமனிச் சுவரில் கொலஸ்டிரால் நிரம்பிப் பொங்கும் உயிரணுக்கள் எங்கிருந்து வந்தன? அவை பெருவிழுங்கி உயிரணுக்கள். சாதாரண எல்.டி.எல்.லை அவை அதிகம் எடுப்பதில்லை. வேதிமாற்றம் அடைந்த எல்.டி.எல்.லைக் கொடுத்தால் அளவின்றி விழுங்கின. 1979இல் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் அறிவித்த இந்தத் 'துப்புரவு' ஏற்பி, உள்ளே எவ்வளவு சேர்ந்தாலும் தன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதில்லை. எல்.டி.எல். ஏற்பி அப்படியன்று. போதும் என்றால் உயிரணு அதைக் குறைத்துவிடும். இரத்தத்தில் தேங்கும் எல்.டி.எல். தமனிச் சுவரில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இவ்வழியே படிகிறது என்பதை டேனியல் ஸ்டைன்பெர்க் முதலானோர் 1980களில் விரித்துரைத்தனர்.

மரபணுவரை

மாட்டின் அட்ரினல் சுரப்பியில் இருந்து 1982இல் வோல்ஃப்காங் ஷ்னைடர் முதலானோர் ஏற்பியைத் தூய்மையாகப் பிரித்தனர். அட்ரினல் சுரப்பி கொலஸ்டிராலில் இருந்து ஹார்மோன்களை உருவாக்குவதால் அதில் ஏற்பி மிகுதி. 1984இல் மனித ஏற்பியின் முழு வரிசை, 839 அமினோ அமிலங்கள், டேவிட் ரஸ்ஸல், டோகுவோ யமமோட்டோ ஆகியோரின் உழைப்பால் கிடைத்தது. மரபணு 19ஆம் நிறப்புரியில் 18 துண்டுகளாக அமைந்திருந்தது. அத்துண்டுகளில் சில, தொடர்பே இல்லாத வேறு புரதங்களின் துண்டுகளை ஒத்திருந்தன. பழைய பாகங்களைக் கோத்துப் பரிணாமம் புதிய புரதத்தைக் கட்டியிருக்கிறது என்பதற்கு இது தெளிவான முற்கால எடுத்துக்காட்டு. அந்த ஆய்வை நடத்திய தாமஸ் சுட்ஹோஃப் பின்னர் நரம்பணுப் பைகளைப் பற்றிய வேறொரு பணிக்காக 2013இல் நோபல் பரிசு பெற்றார்.

உயிரணு தன் கொலஸ்டிராலை எப்படி அளக்கிறது என்ற கேள்விக்கு 1990களில் விடை கிடைத்தது. உட்கல வலைச் சவ்வில் ஸ்கேப் என்னும் புரதம் உள்ளது. அச்சவ்வின் கொழுமியங்களில் கொலஸ்டிரால் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அது ஒரு மரபணு இயக்கியைக் கருவுக்கு அனுப்பும் பயணத்தைத் தொடங்கி வைக்கிறது. தயாரிப்பு நொதிகளும் எல்.டி.எல். ஏற்பிகளும் சேர்ந்தே கூடுகின்றன. அந்த அளவைத் தாண்டினால் பயணம் நிற்கிறது.

பூசணமும் முயலும்

டல்லஸில் ஏற்பியைத் தேடிய அதே ஆண்டுகளில் டோக்கியோவின் சான்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ பூசணங்களை வடிகட்டிக்கொண்டிருந்தார். அகித்தா மாவட்டத்தின் உழவர் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் காளான்களிலும் பூசணங்களிலும் சிறுவயதிலேயே ஈடுபாடு. கொலஸ்டிரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளை ஏதேனும் ஒரு பூசணம் சுரக்கக்கூடும் என்று கருதி ஏறக்குறைய 6000 நுண்ணுயிர் வளர்ப்புகளைச் சோதித்தார். கியோத்தோவில் ஒரு தானியக் கடையின் அரிசியில் இருந்து எடுத்த நீலப்பச்சைப் பூசணத்தில் 1973இல் காம்பாக்டின் கிடைத்தது. அது ரிடக்டேஸ் நொதியைத் தடுத்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தக் கொலஸ்டிரால் குறையவில்லை. மருந்து கைவிடப்படும் நிலை வந்தது. முட்டையிடும் கோழிகளில் சோதித்தபோது பலன் தெரிந்தது. 1978இல் ஒசாக்காவில் அகிரா யமமோட்டோ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சான்கியோ 1980இல் நாய்களில் நடந்த நச்சுத்தன்மை ஆய்வின் காரணமாக அம்மருந்தை நிறுத்திவிட்டது. மெர்க் நிறுவனம் வேறொரு பூசணத்தில் இருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஸ்டாட்டின் ஏன் பலிக்கிறது என்பதை விளக்கியது ஏற்பிதான். தயாரிப்பைத் தடுப்பதால் மட்டும் இரத்தக் கொலஸ்டிரால் குறைவதில்லை. கல்லீரல் உயிரணு தட்டுப்பாட்டை உணர்ந்து கூடுதல் ஏற்பிகளை மேற்பரப்பில் வைக்கிறது. அவை இரத்தத்தில் இருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கின்றன. டல்லஸ் குழு 1981இல் இதை நாய்களில் நேரடியாகக் காட்டியது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், 4444 இதய நோயாளிகளில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. அனிச்கோவின் முயல்களில் தொடங்கிய வழக்கு அத்துடன் பெரும்பாலும் முடிந்தது எனலாம்.

முயல்கள் இன்னொரு முறையும் உதவின. கோபே பல்கலைக்கழகத்தில் யோஷியோ வத்தனாபே 1973இல், சாதாரணத் தீவனம் தின்றும் மிகுந்த கொலஸ்டிராலுடன் இருந்த ஒரு முயலைக் கண்டு அதன் வழித்தோன்றல்களை வளர்த்தெடுத்தார். அவற்றில் பழுதாகியிருந்ததும் இதே ஏற்பிதான். நோயாளிகளிடம் செய்ய இயலாத பல சோதனைகள் இம்முயல்களில் நடந்தன.

ஏற்பி இல்லாதோர்

இந்த வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. யாருடைய தோல் உயிரணுக்களில் இருந்து ஏற்பி கண்டறியப்பட்டதோ அக்குழந்தைகளுக்கு ஸ்டாட்டின் பெரிதாக உதவவில்லை. பெருக்குவதற்கு அவர்களிடம் செயல்படும் ஏற்பி இல்லை. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் நோயைப் பெற்றவர்களிடம் நல்ல மரபணு ஒன்று இருப்பதால் அவர்களுக்கு மருந்து பலித்தது. இவர்கள் 500 பேரில் ஒருவர் என்று அன்று மதிப்பிடப்பட்டது. இன்றைய கணிப்பு 250 பேரில் ஒருவர் என்ற அளவில் உள்ளது. பெரும்பாலோருக்குத் தமக்கு இது இருப்பது தெரியாது.

ஏற்பி அற்றவர்களுக்கு மாற்றுவழிகள் தேவைப்பட்டன. லண்டனில் கில்பர்ட் தாம்சன் 1975இல் இரத்தத்தின் பிளாஸ்மாவை அவ்வப்போது மாற்றும் சிகிச்சையைத் தொடங்கினார். அதிலிருந்தே எல்.டி.எல்.லை மட்டும் வடிக்கும் கருவிகள் வந்தன. வாரந்தோறும் அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை சில மணிநேரம் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும். 1984 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்சலின் குழு, பலமுறை மாரடைப்புக்கு உள்ளான 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றிப் பொருத்தியது. உடலின் ஏற்பிகளில் பெரும்பங்கு கல்லீரலில்தான் இருக்கிறது என்ற ஆய்வக முடிவு சரியானால், புதிய கல்லீரல் மட்டுமே இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவளுடைய எல்.டி.எல். அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. ஏற்பியின் இருப்பிடத்தைப் பற்றி மனித உடலில் கிடைத்த நேரடிச் சான்று அதுவே.

2003இல் பாரிஸில் கேத்தரின் புவாலோ, மொன்றியாலில் நபில் செய்தா ஆகியோரின் குழுக்கள், ஏற்பி மரபணு சரியாக இருந்தும் இதே நோய் கண்ட பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்னும் மற்றொரு மரபணுவைக் கண்டன. அதன் புரதம் ஏற்பியுடன் ஒட்டிக்கொண்டு, அது மேற்பரப்புக்குத் திரும்பாமல் அழியும்படி செய்கிறது. டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனத்தன் கோஹன் ஆகியோர் தலைகீழாகத் தேடினர். இப்புரதம் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், அத்தகைய மரபணு மாற்றம் உடைய ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைவு, இதய நோய் வாய்ப்போ 88 விழுக்காடு குறைவு. பிறந்தது முதல் குறைந்திருப்பதன் பயன் அது. இப்புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் 2015இல் அனுமதி பெற்றன. அவையும் ஏற்பியை நம்பியே செயல்படுவதால் ஏற்பி முற்றிலும் அற்றவர்களுக்குப் பயன்படவில்லை.

ஏற்பியைச் சாராத முதல் மருந்துகளில் ஒன்றான லோமிட்டபைடு 2012இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. கல்லீரல் கொழுப்புப் புரதத்தைக் கட்டி அனுப்புவதையே அது குறைக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்வது அதன் பக்கவிளைவு. 2021இல் அனுமதி பெற்ற எவினாக்குமாப், ஏ.என்.ஜி.பி.டி.எல்.3 என்னும் புரதத்தைத் தடுத்து, எல்.டி.எல். ஆக மாறுவதற்கு முன்னரே துகள்களை வேறு வழியில் அகற்றச் செய்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் நோயைப் பெற்றவர்களில் எல்.டி.எல்.லை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஏற்பி சிறிதும் செயல்படாதவர்களிடமும் அக்குறைவு காணப்பட்டது. முதலில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு வழங்கப்பட்ட இம்மருந்து 2023 முதல் அமெரிக்காவில் 5 வயதுக் குழந்தைகளுக்கும் வழங்கப்படுகிறது.